கிணற்றுக் கெண்டியில் நீலக்கண்ணி

ஆராய்ச்சிக்காரர்கள் என்றாலே அனார்கானுக்கு ஆகாது. வருவார்கள், மண்ணை அள்ளிப் பையில் போடுவார்கள், ஆட்டின் கழுத்தில் ஊசி குத்துவார்கள், வீட்டில் இருப்பதிலேயே நல்ல மெத்தையில் உட்கார்ந்து பொரித்த மாவுருண்டையை வாய் நிறையத் தின்பார்கள், போய்விடுவார்கள். மண்ணில் என்ன இருந்தது, ஆட்டுக்கு என்ன வந்தது என்று ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்லை. தாலாஸ் பள்ளத்தாக்கில் அந்தத் தெருவுக்கே இந்த மனக்குறை உண்டு. அனார்கானுக்கு அது கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஏனென்றால் தெருவிலேயே நல்ல மெத்தை அவள் வீட்டில்தான் இருந்தது.

இந்தத் தடவை தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்தவள் மெத்தையில்கூட உட்காரவில்லை. ஜில்தீஸ் என்று பெயர். கட்டைக்கூந்தல், ஓட்டப்பந்தயக்காரி போடுகிற மாதிரிக் காலணி. ஊர்க் கழகக் கூடத்தில் மேடை ஏறாமல் கீழேயே நின்றுகொண்டு சொன்னாள்.

"இந்தத் தடவை எதை ஆராயணும்னு நாங்க முடிவு பண்ண மாட்டோம். நீங்கதான் பண்ணப் போறீங்க. கேள்வியும் உங்களோடது, ஆராய்ச்சியும் உங்களோடது. நாங்க கூட நிப்போம்."

கூடத்தில் சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. ஊர்த் தலைவர் ஜேனாலி, வெள்ளைக் கம்பளித் தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளிக்கொண்டு கேட்டார்:

"அப்ப உனக்குச் சம்பளம் எதுக்கும்மா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்தப் பெண்ணும் சிரித்தாள். அதுதான் அனார்கானுக்குப் பிடிக்கவில்லை. கோபித்துக்கொள்கிறவளைச் சமாளிக்கலாம். சிரிக்கிறவள் தங்கிவிடுவாள்.

தங்கினாள். வீடு வீடாகப் போய், "உங்களுக்கு எது பெரிய கவலை?" என்று கேட்டாள். மாமியார், மூட்டுவலி, ரஷ்யாவுக்குப் போன புருஷன் என்று வந்த கவலைகளையெல்லாம் கழித்தபின் மூன்று மிஞ்சின. பீன்ஸ் இலை பூப்பதற்கு முன்பே மஞ்சளாவது ஏன்? வாய்க்கால் தண்ணீர் கடைசி வயல் வரை போகாதது ஏன்? கிணற்றுத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது? மூன்றில் எதை ஆராய்வது என்று ஊர்க் கூட்டம் ஓட்டுப் போட்டு முடிவு செய்யும்.

மூன்றாவது கேள்வியைக் கேட்டது யார் என்று அனார்கான் யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கலீச்சாவைத் தவிர அந்தத் தெருவில் யாருக்கும் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துக்கொண்டே, "ஒரு மாதிரி இருக்கு, ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லித் திரியும் பழக்கம் கிடையாது.

இரண்டு பேருக்கும் பேச்சு நின்று சில வருஷமாகிறது. அனார்கானின் மகன் எமிலுக்கும் கலீச்சாவின் மகளுக்கும் பேசி முடித்து, பெண்ணின் காதில் தோடும் போட்டாயிற்று. அந்த ஊரில் தோடு போட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. பிறகு அனார்கானுக்கு என்ன தோன்றியதோ, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேகாயிமைக் கொண்டுவந்து மகனுக்குக் கட்டிவைத்தாள். கலீச்சாவின் பெண் கறுப்பு என்றாள் ஒருத்தி. பெண்ணின் அம்மா வாய் நீளம் என்றாள் இன்னொருத்தி. எது காரணமென்றாலும் கலீச்சா அந்தத் தோட்டை மதிலுக்கு மேலாக வீசியதையும், அது அனார்கானின் பால் அண்டாவில் விழுந்ததையும் தெருவே பார்த்தது. பார்க்காதவர்களும் பார்த்ததாகத்தான் சொல்வார்கள்.

அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் அனார்கானின் கொட்டகையும் கிணறும். அந்தப் பக்கம் கலீச்சாவின் கிணறு. அனார்கான் வைத்திருப்பது விதையும் பூச்சிமருந்தும் விற்கிற கடை. தெருவைப் பார்த்த அறையில் வியாபாரம், பின்னால் கொட்டகையில் சரக்கு. போன வசந்தத்தில் பனி உருகி ஓடிய தண்ணீர் கொட்டகைக்குள் புகுந்தது. அடுக்கியிருந்த கேன்கள் சரிந்தன. ஒன்று வெடித்து அடி வரை காலியானது. எமில் லாரியோடு வெளியூரில் இருந்தான். தெருப் பெண்கள் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அனார்கானும் பேகாயிமும் வாளி வாளியாக ஊற்றித் தரையைக் கழுவி, எல்லாவற்றையும் மதிலோரத்துக் கால்வாயில் தள்ளிவிட்டார்கள்.

விஷயம் தெரிந்தது இரண்டே பேருக்கு. அதில் ஒருத்தி மருமகள். மருமகள் வாயைத் திறக்க மாட்டாள். பிள்ளை பிறந்த பிறகு பேகாயிம் தினமும் மேலூற்றுக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவருவதை அனார்கான் கவனித்துத்தான் இருந்தாள். வழியில் கூட்டாளிகளோடு அரட்டையடிக்க ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டாள். இளசுகள் அப்படித்தான்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தால் கடை போய்விடும். கடை போனால் தெருவில் அவள் யார்? நல்ல மெத்தை வைத்திருக்கிற ஒரு விதவை. இது நடக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அந்த ஊரில் பெண்கள் முறை வைத்து மாதம் ஒருத்தர் வீட்டில் கூடித் தின்பார்கள். அந்த மாத முறை தபால்காரர் மனைவியுடையது. அனார்கான் நேராக அவள் வீட்டுக்குப் போனாள்.

"உனக்கு முதுகுவலின்னு கேள்விப்பட்டேனே."

"இல்லியேக்கா, நல்லாத்தானே இருக்கேன்."

"இருக்கும், நீ கவனிச்சிருக்க மாட்ட. பாவம், நீ எதுக்கு அல்லாடுற? இந்த மாசம் என் வீட்ல வச்சுக்குவோம்."

கலீச்சாவைத் தவிர எல்லோரும் வந்தார்கள். ஆட்டிறைச்சி பரிமாறும்போது எந்த எலும்பு யாருக்கு என்பதில் அங்கே பேச்சே கிடையாது. வயதுக்கும் மதிப்புக்கும் தக்கபடி அது எப்போதோ தீர்ந்துபோன விஷயம். இடுப்பெலும்பு சோனுன் பெரியம்மாவுக்குப் போனது. தெருவில் அவள்தான் மூத்தவள், அது நியாயம். ஆனால் விலாவெலும்போடு நின்றிருக்க வேண்டியவர்களின் தட்டிலெல்லாம் தொடையெலும்பு வந்து விழுந்தபோது, ஒரு ஆட்டுக்கு எத்தனை தொடை என்று விருந்தாளிகள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு ஆடு அறுத்திருக்கிறாள். அப்படியானால் விஷயம் பெரிது.

விஷயம் தேநீரோடு வந்தது. வாசல் பக்கம் உட்கார்ந்து கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக்கொடுத்தது பேகாயிம். பேசியது அனார்கான்.

"அந்தப் பிஷ்கெக்காரி எதைக் கேட்டாலும் இலை மஞ்சள்னே சொல்லுங்க. பீன்ஸ் போச்சுன்னா நம்ம வீட்ல ரொட்டி ஏது? கிணத்தைத் தோண்டி என்ன பண்ணப் போறா? நம்ம பாட்டன் குடிச்ச தண்ணிதானே? அதுல விஷம்னு பேப்பர்ல வந்துச்சுன்னா, துருக்கியிலேருந்து வர்ற வியாபாரி நம்ம பீன்ஸைத் தொடுவானா?"

கடைசிக் கேள்வி வேலை செய்தது. தலைகள் ஆடின.

"நீங்க சொன்னா சரிதான்க்கா," என்றாள் தபால்காரர் மனைவி, தொடையெலும்பைக் கடித்துக்கொண்டே.

"பெரியம்மா, கூட்டத்துல முதல்ல நீங்க ஓட்டு போடணும். உங்களுக்கப்புறம்தான் மத்தவங்க. அதானே மரியாதை?"

சோனுன் பெரியம்மாவுக்கு ஒரு காதுதான் கேட்கும். அது எந்தக் காது என்பது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. "மரியாதைன்னா மரியாதைதான்," என்றாள். பிறகு எல்லோரும் கையேந்தி, உள்ளங்கையால் முகத்தைத் துடைத்து, ஆமின் சொன்னார்கள். அந்த ஆமின் விருந்துக்கா, மஞ்சள் இலைக்கா என்பது அவரவர் மனசுக்குத்தான் தெரியும்.

கூட்டத்தன்று ஆளுக்கு மூன்று பீன்ஸ் விதை கொண்டுவரச் சொல்லியிருந்தாள் ஜில்தீஸ். எந்தக் கேள்வி முக்கியம் என்று படுகிறதோ அதற்கு விதையைப் போட வேண்டும். மூன்றையும் ஒன்றிலேயே போடலாம், பிரித்தும் போடலாம். சீட்டு, பேனா என்றால் ஊர்க்காரர்களுக்குத் தேர்தல் ஞாபகம் வந்துவிடும், வீட்டு விதை என்றால் சொந்தமாக இருக்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யோசனை நன்றாகத்தான் இருந்தது. பீன்ஸைக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு.

மேசைமேல் மூன்று தேநீர்க் கெண்டிகள். ஒன்றில் மஞ்சள் இலைப் படம், ஒன்றில் வாய்க்கால், ஒன்றில் கிணற்று வாளி. சோனுன் பெரியம்மா கைத்தடியோடு எழுந்து போய் மூன்று விதையையும் இலைக் கெண்டியில் போட்டாள். டங், டங், டங். அவளுக்கு அடுத்து மூத்தவள் போனாள். அதே கெண்டி. அதற்கடுத்தவளும் அதே கெண்டி. பெரியவள் போட்டதற்கு எதிராகச் சின்னவள் போடுவதாவது? ஆண்களும் அவரவர் மனைவியைப் பார்த்தார்கள், அதே கெண்டியில் போட்டார்கள். அனார்கான் மடியில் கையைக் கோத்துக்கொண்டு கடவுளுக்கு நன்றி சொல்லத் தொடங்கியிருந்தாள்.

"நிறுத்துங்க!" பின்வரிசையிலிருந்து கலீச்சா. "இது ஓட்டா, ஆட்டுமந்தை ஆத்தைத் தாண்டுறதா? முன்னால போற ஆடு விழுந்தா எல்லாம் விழுமா? இரண்டு தொடையெலும்புக்கு ஊரையே வாங்கிட்டா ஒருத்தி!"

"யாருடி வாங்குனது?" அனார்கான் கடுகு மாதிரி வெடித்தாள். "உன்னைக் கூப்பிடலன்னு வயித்தெரிச்சல். எலும்பு வேணும்னா கேளு, நாய்க்குப் போடறதுல மிச்சம் இருக்கு."

"உன் வீட்டு நாய் உன் கிணத்துத் தண்ணி குடிக்குதா, கேட்டுப் பாரு முதல்ல!"

ஜேனாலி தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்தார். "தாய்மாருங்களா, பிஷ்கெக்லேருந்து பொண்ணு வந்திருக்கு. நம்ம மானத்தை வாங்காதீங்க."

ஜில்தீஸ் கெண்டியைத் திறந்து எல்லோருடைய விதையையும் திருப்பிக் கொடுத்தாள். "கலீச்சாக்கா சொல்றது சரிதான். ஒருத்தர் போடுறதை இன்னொருத்தர் பாக்கக் கூடாது. மறைவா போடணும். ஏதாவது தடுப்பு கிடைக்குமா?"

"எங்கிட்ட இருக்கு," என்றாள் கலீச்சா. அதற்காகவே இத்தனை வருஷம் காத்திருந்தவள் மாதிரி எழுந்து போனாள்.

அவள் கொண்டுவந்ததைப் பார்த்ததும் எல்லோரும் அனார்கான் பக்கம் திரும்பினார்கள். மணப்பெண்ணைப் புகுந்த வீட்டில் மறைத்து உட்காரவைக்கும் திரை. வெல்வெட்டில் கொம்புக்கோலம் போட்டு, ஓரமெல்லாம் குஞ்சம் வைத்துத் தைத்தது. கலீச்சா தன் மகளுக்காகத் தைத்தது. அனார்கான் வீட்டில் தொங்கியிருக்க வேண்டியது. மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை அனார்கானின் முகத்துக்கு நேரே உதறி, மேசைக்கு முன்னால் கட்டினாள்.

"பழைய துணி," என்றாள், யாரையும் பார்க்காமல். "வேற எதுக்கும் உதவல."

அனார்கான் வாயைத் திறக்கவில்லை. தெருவில் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்பார்கள்.

பெரியம்மா மறுபடி முதலில் போனாள். "எழுபது வருஷத்துக்கப்புறம் மறுபடி மணப்பொண்ணாக்கிட்டாளுங்க," என்றாள் திரைக்கு உள்ளிருந்து. "மாப்பிள்ளை எங்கடி? கெண்டி மட்டும்தான் இருக்கு!" கூடம் சிரித்தது. ஒவ்வொருத்தியும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு புதுப்பெண் மாதிரி நாணிக்கொண்டே உள்ளே போனாள், நாணமில்லாமல் வெளியே வந்தாள். ஆண்கள் போனபோது கேலி இன்னும் மோசம், அதை எழுத முடியாது. பேகாயிம் பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், போன வேகத்தில் திரும்பினாள். அனார்கான் அதைக் கவனிக்கவில்லை. அவள் திரையின் குஞ்சங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜில்தீஸ் திரைக்குப் பின்னால் போய்க் கெண்டிகளைத் தூக்கிப் பார்த்தாள். திறக்க வேண்டிய அவசியமே இல்லை. இலைக் கெண்டி ஒரு கையில் ஆடியது. கிணற்றுக் கெண்டிக்கு இரண்டு கை வேண்டியிருந்தது.

"கிணறு," என்றாள்.

"பொய்!" அனார்கான் எழுந்துவிட்டாள். "திரையைக் கட்டுனது யாரு? அவதான் உள்ள ஏதோ கோல்மால் பண்ணியிருக்கா. எல்லார் முன்னாலயும் கொட்டு. கொட்டி எண்ணு!"

ஜில்தீஸுக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. எண்ணுவது எப்போதும் நல்லதுதானே. மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்துக் கிணற்றுக் கெண்டியைக் கவிழ்த்தாள். ஊரும் மேசையைச் சுற்றிக் கூடியது. கூடிய பிறகுதான் ஒவ்வொருத்தருக்கும் உறைத்தது. முகங்கள் மாறின. ஏனென்றால் அந்தப் பள்ளத்தாக்கில் யார் வீட்டில் என்ன விதை என்பது, யார் வீட்டில் என்ன மாடு என்பது மாதிரி. வெளியூர்க்காரிக்கு எல்லாம் பீன்ஸ். ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு முகம். கூட்டத்துக்குப் போகும்போது அடுத்தவன் விதையை எடுத்துப்போவானா ஒருத்தன்? தன் வயலிலேயே குண்டாய், பளபளவென்று இருப்பதைப் பொறுக்கித்தான் எல்லோரும் கொண்டுவந்திருந்தார்கள்.

அனார்கான் ஒற்றை விரலால் விதைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கடைக்காரி விரல்.

"இது யாரு, கறுப்பு? இந்தத் தெருவுல கறுப்பு போடுறது ஒரே வீடு. ஜேனாலியண்ணே, நல்லா இருங்க! தலைவராம், தலைவர்! இந்தா, தக்காளிச் சிவப்பு. தபால்காரர் பொண்டாட்டி! தொடையெலும்பு செரிச்சுப்போச்சா?"

"எனக்கு உண்மையிலேயே முதுகு வலிக்குதுக்கா," என்று முனகினாள் அவள்.

"புள்ளி போட்டது பால் பண்ணைக்காரன். மைனா நிறம்... பெரியம்மா! நீங்களுமா?"

"அந்தக் காது கேக்கலடி," என்றாள் சோனுன் பெரியம்மா.

"ஆமின் சொன்னீங்களேடி எல்லாரும்! முகத்தைத் துடைச்சீங்களே! இனிமே ஒருத்தி என் கடைப் படி ஏறிப் பாருங்க. பூச்சி வயலைத் தின்னட்டும். பேன் தின்னட்டும். கிணத்தைக் கட்டிக்கிட்டு அழுங்க!"

ஜில்தீஸ் அவசரமாக முன்னால் வந்தாள். துணியின் நான்கு மூலையையும் பிடித்து மூட்டை கட்டப் பார்த்தாள். "அக்கா, வேணாம். இது ரகசிய ஓட்டு. நான்தான் தப்பு பண்ணிட்டேன், விடுங்க."

"கையை எடு," என்று அனார்கான் இன்னொரு குவியலைத் தள்ளினாள். விரல் நின்றது.

மூன்று விதைகள். வெள்ளையில், முளைக்கிற இடத்தைச் சுற்றி மட்டும் கண்ணில் மை இட்ட மாதிரி நீலம். நீலக்கண்ணி. அந்தத் தெருவில் அது ஒரே வீட்டில்தான் உண்டு. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேகாயிம் கல்யாணத்தன்று துணியில் முடிந்து கொண்டுவந்து, சமையலறைக்குப் பின்னால் ஒரு பாத்தியில் போட்டு வளர்க்கிறாள்.

மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் கலீச்சாவும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் மெல்ல விரிந்த சந்தோஷத்தை அனார்கானும் பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்ட பக்கத்து வீட்டுக்காரி?" கலீச்சாவின் குரல் தேனாய் ஒழுகியது. "நல்லாத்தானே பேர் பேரா சொல்லிக்கிட்டிருந்த. அது யார் வீட்டு விதை? எனக்குக் கண்ணு மங்கல், நீயே சொல்லேன்."

யாரும் பேகாயிம் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் திரும்பாமல் இருந்ததே திரும்பிய மாதிரி இருந்தது. அவள் பிள்ளையைத் தோளில் இறுக்கிக்கொண்டு கதவோரம் நின்றாள். பயமா என்றால் பயமில்லை. கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

அனார்கான் அந்த நேரத்தில் என்ன நினைத்தாள்? தெருவில் இதை இரண்டு விதமாகச் சொல்வார்கள். மருமகள்மேல் பரிதாபம் என்பார்கள் நல்லவர்கள். நல்லவர்களுக்கு அனார்கானைத் தெரியாது. மருமகள் மாமியாருக்கு எதிராகப் போட்டாள் என்று கலீச்சா இந்த ஊரில் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்வாள், 'என் பொண்ணைக் கட்டியிருந்தா இப்படி ஆகுமா?' என்பாள் என்ற ஒரே எண்ணம்தான் அவள் தலைக்குள் கொதித்தது.

"என் வீட்டு விதை," என்றாள் அனார்கான். "நான் போட்டது."

"நீயா?"

"நான்தான். மருமக பானையிலேருந்து எடுத்துட்டு வந்தேன். அவளுக்கு என் வெள்ளையைக் கொடுத்தேன். ஏன், என் கிணத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா? உனக்கு மட்டும்தான் நாக்கு இருக்கா?"

"அப்ப இவ்வளவு நேரம் எல்லாரையும் திட்டுனியே!"

"நான் போட்டா யோசிச்சுப் போடுவேன். இவங்க எங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு வேற ஒண்ணைப் போட்டாங்க. அதுக்குத் திட்டுனேன்."

கலீச்சா அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் ஜில்தீஸ், அவள் பாவம் நிஜமாகவே சந்தோஷப்பட்டு, "அப்ப அனார்கானக்காவும் கிணத்துக் குழுவுல இருக்காங்க!" என்று கைதட்டினாள். கேள்வியைத் தேர்ந்தெடுத்தவர்களிலிருந்துதான் ஆராய்ச்சிக் குழு. அதுதான் அவளுடைய ஏற்பாடு. எங்கே தண்ணீர் எடுப்பது, எதைத் தேடுவது, முடிவை யாருக்குச் சொல்வது, எல்லாம் குழு தீர்மானிக்கும். கலீச்சாவும் அனார்கானும் ஒரே குழு. ஜேனாலி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

மாமியாரும் மருமகளும் வீடு திரும்பினார்கள். வாசல் கதவைத் தள்ளும்போதுதான் அனார்கான் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"அடுத்த தடவை வெள்ளையை எடுத்துட்டுப் போ. அதை ஊர்ல பாதிப் பேர் போடுறாங்க. ஆளைக் கண்டுபிடிக்க முடியாது."

"சரி, அத்தை," என்றாள் பேகாயிம். பிறகு பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு வாளியையும் எடுத்துக்கொண்டு ஊற்றுப் பக்கம் நடந்தாள். அனார்கான் பேத்தியை வைத்துக்கொண்டு அவள் போவதையே பார்த்தாள். கூட்டாளிகள் எல்லோரும் இன்னும் கழகத்தில்தான் இருந்தார்கள். அரட்டையடிக்க ஊற்றில் யாரும் இல்லை. இருந்தும் போகிறாள்.

குப்பிகளோடு ஜில்தீஸ் மறுபடி வந்தபோது முதல் கிணறு அனார்கானுடையது என்று கலீச்சா தீர்மானித்தாள். முதல் கிணறு கலீச்சாவுடையது என்று அனார்கான் தீர்மானித்தாள். கடைசியில் இரண்டிலும் எடுத்தார்கள். வாளியை ஒருத்தி இறக்கினாள், குப்பியை ஒருத்தி பிடித்தாள். இருவரும் கயிற்றோடு பேசினார்கள், ஒருத்தியோடு ஒருத்தி பேசவில்லை.

"இன்னொரு விஷயம்," என்றாள் ஜில்தீஸ், குப்பிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே. "தண்ணியில என்னென்ன இருக்குன்னு எல்லாத்தையும் ஒரே தடவையில சொல்ற மெஷின் எங்ககிட்ட இல்ல. எந்த மருந்தைத் தேடணும்னு பேர் சொன்னாத்தான் தேடுவாங்க. தப்பானதைத் தேடுனா ஒண்ணும் இல்லன்னுதான் முடிவு வரும். குழுதான் சொல்லணும்."

ஒண்ணும் இல்லன்னு முடிவு வரும். அனார்கானின் காதில் அது பாட்டு மாதிரி விழுந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கடை தப்பித்தது.

"நான் சொல்றேன்," என்று கலீச்சா முன்னால் வந்தாள். "இதுல குழு எதுக்கு? உருளைக்கிழங்கு வண்டுக்குத் தூவுவாங்களே, வெள்ளைப் பொடி, அதுதான். அதே நாத்தம். எனக்கு மூக்கு இருக்கு. அதை எழுதிக்க."

ஜில்தீஸ் எழுதத் தொடங்கினாள். கொட்டகைக் கதவோரம் பேகாயிம் ஊற்றுத் தண்ணீர் வாளிகளோடு நின்றிருந்தாள். கீழே வைக்கவில்லை. மாமியாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அனார்கான் பொறுத்துப் பார்த்தாள். நிஜமாகவே பொறுத்துப் பார்த்தாள் என்று பேகாயிமே பின்னால் சொல்லியிருக்கிறாள். கழுத்து நரம்பு புடைத்ததாம்.

"வெள்ளைப் பொடியாம்!" வெடித்துவிட்டது. "நாலு வயல் வச்சிருக்க, வெள்ளைப் பொடிக்கும் எண்ணெய் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாது! பொடி நாலு வெயில் பட்டா செத்துரும்டி! ஒரு வருஷம் கழிச்சுக் கிணத்துல உக்காந்திருக்குமா? அது சிலந்திப்பேனுக்கு அடிக்கிறது. பச்சை மூடி கேன். எண்ணெய் மாதிரி, மண்ணைப் புடிச்சா விடாது. இந்தா பொண்ணு, பொடின்னு எழுதுனதை அடிச்சிடு. இதை எழுதிக்க."

"எழுதிட்டேன்," என்றாள் ஜில்தீஸ் மெதுவாக. "பச்சை மூடி. அதை உங்க கடையில மட்டும்தானே விக்கறீங்க?"

கலீச்சா இடுப்பில் கை வைத்தாள். "ஓ! அப்ப அது என் கிணத்துக்குள்ள வர்ற மாதிரிக் கொட்டுனது யாரு?"

பேகாயிம் வாளியைக் கீழே வைத்தாள். "அது—"

"நான்தான்," என்று அனார்கான் குறுக்கே விழுந்தாள். "நான் ஒருத்திதான். அவளுக்கு அப்ப மாசம் எட்டு, அவளை யாரு வாளி தூக்கவிட்டா? இதையும் எழுதிக்க. எழுதிட்டு உன் மெஷினைப் போய்ப் பாரு. இந்தக் கலீச்சா மூக்கை நம்பாத, அதுக்கு அடுத்த வீட்டுக் குழம்பு மட்டும்தான் தெரியும்."

பேகாயிம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். வாளி தூக்கினாளா இல்லையா என்பது அவள் வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் தெரியும்.

பீன்ஸ் அறுப்பு முடிந்ததும் ஜில்தீஸ் மறுபடி வந்தாள். ஆராய்ச்சிக்காரி ஒருத்தி முடிவோடு திரும்பி வந்ததே ஊருக்கு அதிசயம். பச்சை மூடிதான். இரண்டு கிணற்றிலும் இருந்தது. அனார்கானுடையதில்தான் அதிகம். தெருவே மேலூற்றுத் தண்ணீருக்கு மாறியது. கொட்டகையைக் காலி செய்யச் சொல்லி ஜேனாலி வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல். அனார்கான் தானே கடைப் பலகையை இறக்கினாள். இப்போது அந்த அறையில் நூல், சர்க்கரை, தேயிலை விற்கிறாள். சர்க்கரை வாங்க வருகிறவர்களிடம் எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று கேட்காமலே சொல்லி, கீழூர்க் கடைக்கு அனுப்புகிறாள். வாய் சும்மா இருக்காதே.

அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்க ஜில்தீஸ் கூட்டம் போட்டபோது விதைக்குப் பதிலாக ஒரே மாதிரிச் சட்டைப் பொத்தான்கள் கொண்டுவந்தாள். திரை மட்டும் பழையதுதான். கலீச்சா அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

காலையில் அந்தத் தெருவுக்குப் போனால் பார்க்கலாம். ஊற்றுப் பாதையில் கலீச்சா முன்னால் போவாள், அனார்கான் பின்னால். "சில பேர் செஞ்ச வேலைக்கு ஊரே தண்ணி சுமக்குது," என்று முன்னால் போகிறவள் காற்றோடு சொல்வாள். "சில பேருக்குப் பொடியும் தெரியாது, எண்ணெயும் தெரியாது, இதுல ஆராய்ச்சிக் குழுவாம்," என்று பின்னால் வருகிறவள் வாளியோடு சொல்வாள். நடுவில் பேகாயிம், இரண்டு வாளியும் தளும்பாமல் நடப்பாள். பிள்ளை மாமியாரின் முதுகில் கட்டியிருக்கும்.